தசரத் படேல்

தசரத் படேல் (1927 - டிசம்பர் 1, 2010) இந்தியப் புகைப்படக் கலைஞர், ஓவியர், செராமிக் கலைஞர், வடிவமைப்பாளர், ஆசிரியர். குஜராத்தில் பிறந்து சென்னையில் கலை பயின்றவர். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தின் (என்.ஐ.டி) தொடக்ககால ஆசிரியர்களில் முதன்மையானவர். நடனக் கலைஞர் சந்திரலேகாவின் நெடுநாள் நண்பர். சென்னை பெசன்ட் நகரில் சந்திரலேகாவின் இல்லத்தை மையமாகக் கொண்டு உருவான கலைச் செயல்பாடுகளில் பங்குகொண்டவர். ஒரே ஊடகத்தில் நிலைகொள்ளாமல் பல துறைகளில் பணியாற்றியதால் நவீன இந்தியக் கலை வரலாற்றில் நெடுங்காலம் போதிய கவனம் பெறாதவர்.

பிறப்பு, கல்வி

தசரத் படேல் 1927-ல் குஜராத் மாநிலத்தின் கேடா வட்டாரத்தைச் சேர்ந்த சோஜித்ரா என்னும் ஊரில் பிறந்தார். 1949-ல் சென்னைக்கு வந்து அரசு கலைப் பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) சேர்ந்து 1953 வரை பயின்றார். அப்போது பள்ளியின் முதல்வராக இருந்தவர் சிற்பியும் ஓவியருமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை உருவாக்கியவர் அவர். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலியோர் அவருடைய மாணவர்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள இக்கல்லூரியின் பின்னணி படேலின் பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்ள உதவுவது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய இப்பள்ளி, நுண்கலைக்காக மட்டும் உருவானதல்ல. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை போன்ற கைத்தொழில்கள் ஓவியத்துடன் அங்கே கற்பிக்கப்பட்டன. புகைப்படக்கலை இந்தியாவுக்கு அறிமுகமான சில ஆண்டுகளுக்குள் அதுவும் அங்கே பாடமாகியது. ஓவியன் ஓரிடம், குயவன் வேறிடம் என்னும் பிரிவினை பிற கலைப்பள்ளிகளைப் போல அங்கே முற்றாக இறுகிவிடவில்லை. தசரத் படேல் பின்னாளில் ஒரே நேரத்தில் ஓவியராகவும் செராமிக் கலைஞராகவும் புகைப்படக் கலைஞராகவும் செயல்பட்டதற்கு இந்தச் சூழல் ஒரு தொடக்கமாக அமைந்தது எனலாம்.

சென்னையில் படித்த காலத்தில் அவர் பெற்ற இன்னொரு பேறு சந்திரலேகாவின் நட்பு. சந்திரலேகா (1928 - 2006) மகாராஷ்டிர மாநிலம் வாடாவில் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றவர். இருவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து சென்னைக்குக் கலை கற்க வந்தவர்கள். இந்த நட்பு சந்திரலேகாவின் மறைவு வரை, ஐம்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பாரிஸ், பிராக்

சென்னைப் படிப்பு முடிந்ததும் படேல் பாரிஸ் சென்றார். அங்குள்ள எகோல் தே போஸ்-ஆர் கலைப்பள்ளியில் 1953 முதல் 1955 வரை ஓவியம், சிற்பம், செராமிக் ஆகியவற்றைப் பயின்றார். பின்னர் 1959-60ல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக்கில் செராமிக் கலையில் மேற்பயிற்சி பெற்றார்.

அவருடைய தலைமுறையைச் சேர்ந்த இந்திய ஓவியர்கள் பலர் பாரிஸ் சென்று, ஓவியர்களாகவே திரும்பினர். சிலர் அங்கேயே தங்கினர். படேல் ஓவியத்தைக் கைவிடவில்லை. ஆனால் மண், சூளை, மேற்பூச்சு என்று பொருட்களின் இயல்பை அறியும் திசையிலும் சென்றார். செராமிக் கலையில் வடிவத்தைக் கலைஞன் தீர்மானித்தாலும் நிறத்தைத் தீர்மானிப்பதில் நெருப்புக்கும் பங்குண்டு. களிமண்ணின் தன்மை, மேற்பூச்சில் கலந்த உலோக உப்பு, சூளையின் வெப்பம் ஆகியவை சேர்ந்தே இறுதி வடிவம் உருவாகிறது. பொருளுக்கும் தனக்கும் இடையேயான உரையாடலாகக் கலையைக் கருதும் மனநிலை இந்தப் பயிற்சியிலிருந்து கிடைப்பது. அவருடைய பிற்கால வடிவமைப்புப் பணிகளிலும் இந்த மனநிலை தொடர்ந்தது.

தேசிய வடிவமைப்புக் கழகம்

விடுதலைக்குப் பின் இந்தியத் தொழில்துறைக்கு உரிய வடிவமைப்புக் கல்வி எப்படி இருக்கவேண்டும் என ஆராயும்படி அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை இந்திய அரசு கேட்டுக்கொண்டது. அவர்கள் இந்தியாவில் பயணம் செய்து 1958-ல் 'இந்தியா ரிப்போர்ட்' என்னும் அறிக்கையை அளித்தனர். அன்றாடப் புழக்கத்தில் உள்ள லோட்டாவை (சொம்பு) மிகச்சிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக அவ்வறிக்கை முன்வைத்தது. பிடிக்கும் விதம், தலையில் அல்லது இடுப்பில் சுமக்கும் விதம், ஊற்றும் விதம், கழுவும் விதம், எடை, விலை ஆகிய அனைத்தும் பல தலைமுறைகளாகச் சீர்செய்யப்பட்டு உருவான வடிவம் அது என அவர்கள் விளக்கினர். இந்த அறிக்கையை ஒட்டி 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானது. கௌதம் சாராபாய், கிரா சாராபாய் இருவரும் அதன் உருவாக்கத்தில் முன்னின்றனர்.

தொடக்கம் முதலே படேல் அந்நிறுவனத்தின் கல்விப் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். அன்று இந்தியாவில் வடிவமைப்புக்கு முன்மாதிரிப் பாடத்திட்டமோ பாடநூலோ இல்லை. ஆசிரியர்களே புதிய துறைகளைக் கற்று, கற்றதை மாணவர்களுக்கு அளிக்கவேண்டிய நிலை. செராமிக், வரைகலை, புகைப்படம், கண்காட்சி அமைப்பு ஆகிய பல துறைகளில் படேல் அங்கே ஈடுபட்டார். செய்துபார்த்துக் கற்பது, கிராமக் கைவினைஞர்களிடம் நேரில் சென்று கற்பது ஆகியவை அந்நிறுவனத்தின் தொடக்ககாலக் கல்விமுறையின் முக்கியக் கூறுகள்.

புகைப்படக்கலை

படேல் புகைப்படக்கலையில் தீவிரமாக ஈடுபட ஊக்கமளித்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். பிரெஸ்ஸோன் இந்தியாவுக்குப் பலமுறை வந்தவர். 1948-ல் காந்தியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவர். 1966-ல் அகமதாபாத்திலும் படங்கள் எடுத்தார்.

படேல் இந்தியா முழுவதும் பயணம் செய்து படமெடுத்தார். கைவினைஞர்கள், திருவிழாக் கூட்டங்கள், தெருக்கள், வேலைசெய்யும் மனிதர்கள், நிலக்காட்சிகள் ஆகியவை அவருடைய பேசுபொருட்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒரு செய்தியைத் தேடிச் செல்கிறார். புகைப்பட நிலையத்துக்காரர் வாடிக்கையாளரின் தேவையை நிறைவேற்றுகிறார். படேலின் கேமரா இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது, ஒரு கூட்டம் எப்படி வடிவம் கொள்கிறது, ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் அருகே என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கான கருவியாக அவர் அதைப் பயன்படுத்தினார். ஓவியரின் சட்டகமும் வடிவமைப்பாளரின் ஆர்வமும் அப்படங்களில் இணைந்தன.

அவருடைய புகைப்படங்கள் சுவரில் தனித்து மாட்டப்படுவதற்காக மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல. வகுப்பறையிலும் கண்காட்சிகளிலும் பெரிய காட்சித் தொகுப்புகளின் பகுதியாக அவை பயன்பட்டன. இதனால் அவற்றின் வீச்சு பெரிதானது. அதே சமயம், எடுத்தவரின் பெயர் பின்னுக்குச் சென்றது. கண்காட்சியைப் பார்ப்பவர் அதன் கருப்பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறார்; அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. புகைப்படக் கலைஞராக படேல் தாமதமாகவே அறியப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்காட்சி வடிவமைப்பு

ஜவாஹர்லால் நேருவின் மறைவுக்குப் பின் அவருடைய வாழ்க்கையையும் இந்தியாவையும் அறிமுகம் செய்யும் கண்காட்சி ஒன்றை ஈம்ஸ் அலுவலகமும் தேசிய வடிவமைப்புக் கழகமும் இணைந்து உருவாக்கின. 1965 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கி, பின்னர் பல நகரங்களுக்குச் சென்ற அக்கண்காட்சிக்காகப் பணியாற்றிய இந்தியக் குழுவில் படேல் இடம்பெற்றார். புகைப்படம், எழுத்து, துணி, கட்டுமானம் ஆகியவற்றை ஒரே கதையாகக் கோக்கும் பயிற்சி அது.

1967-ல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் நடந்த உலகக் கண்காட்சியின் இந்திய அரங்குக்காக படேல் வட்டத்திரைக் காட்சி ஒன்றை உருவாக்கினார். பார்வையாளர் நடுவில் நிற்க, அவரைச் சுற்றி 360 பாகையிலும் இந்தியாவின் காட்சிகள் விரியும் அமைப்பு அது. சாதாரணத் திரையில் பார்வையாளர் எங்கே பார்க்கவேண்டும் என்பதைப் படம் எடுத்தவரே முடிவுசெய்கிறார். வட்டத்திரையில் அந்த முடிவு பார்வையாளரிடம் விடப்படுகிறது. ஒரு சந்தையின் நடுவே நிற்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதையோ தவறவிடுகிறார் என்னும் அனுபவத்தையே அது அளிக்கிறது. கணினி வழிக் காட்சித் தொழில்நுட்பம் இல்லாத காலத்தில் இவ்வகைக் காட்சியில் ஒவ்வொரு திரையையும் அடுத்ததுடன் கையால் பொருத்தி இசைவிக்க வேண்டியிருந்தது.

சேவாபுரி

படேல் 1980-களின் தொடக்கத்தில் தேசிய வடிவமைப்புக் கழகத்திலிருந்து விலகினார். அதன் பின் வாரணாசி அருகே உள்ள சேவாபுரியில், காந்தியச் சூழலில், கிராமத்தினருக்கான வடிவமைப்புப் பள்ளி ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். நகரத்துப் பட்டதாரி மாணவருக்குக் கற்பித்ததைக் கிராமத்துக் கைவினைஞரிடமும் இளைஞரிடமும் கொண்டுசெல்வது அதன் நோக்கம்.

கிராமக் கைத்தொழிலை அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாப்பது ஒரு வழி. நகரத்து வடிவமைப்பாளர் வரைபடம் கொடுக்க, கைவினைஞர் கூலிக்குச் செய்துகொடுப்பது இன்னொரு வழி. இரண்டிலும் கைவினைஞருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை. வடிவமைப்பு என்பது கிராமத்தவரும் கற்று, தானே முடிவெடுத்துச் செய்யக்கூடிய ஒன்று என்னும் எண்ணத்தின் மேல் சேவாபுரி முயற்சி நின்றது.

பெசன்ட் நகர்

அகமதாபாத்தில் பணியாற்றிய காலத்திலும் படேலின் சென்னை உறவு அறுபடவில்லை. அடையாற்றை ஒட்டிய பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரை சாலையில் இருந்த சந்திரலேகாவின் வீடு அவருடைய இன்னொரு இருப்பிடமாகவும் பணியிடமாகவும் இருந்தது. எழுத்தாளரும் புகைப்படக் கலைஞரும் மேடை ஒளியமைப்பாளருமான சதானந்த் மேனன் அந்த நட்புக்குழுவின் மூன்றாமவர்.

1970-களில் சந்திரலேகா மேடையிலிருந்து விலகியிருந்தார். எழுத்து, சுவரொட்டி, வரைகலை, பெண்கள் இயக்கப் பணிகள் ஆகியவற்றில் கவனம் செலுத்தினார். இச்சூழலில் 'ஸ்கில்ஸ்' என்னும் பயிற்சி அமைப்பு உருவானது. அடித்தள மக்களிடையே பணியாற்றும் குழுக்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் சுவரொட்டி உருவாக்கம், வரைகலை, புகைப்படம் போன்ற தொடர்புக் கலைகளைக் கற்பிப்பது அதன் பணி. தன் பிரச்சினையைத் தானே காட்சியாக்கத் தெரிந்த குழு, அதற்காக விளம்பர நிறுவனத்தையோ பத்திரிகையையோ நம்பியிருக்கவேண்டியதில்லை. சேவாபுரியில் கைவினைஞருக்காக படேல் முயன்றதும் பெசன்ட் நகரில் இயக்கக் குழுக்களுக்காக நடந்ததும் அடிப்படையில் ஒரே நோக்கம் கொண்டவை.

சந்திரலேகா 1980-களின் நடுவில் நடனத்துக்குத் திரும்பினார். பரதநாட்டியம், களரிப்பயற்று, யோகம் ஆகியவற்றை இணைத்த 'அங்கிகா' 1985-ல் அரங்கேறியது. தொடர்ந்து 'லீலாவதி', 'ஸ்ரீ', 'யந்திரா', 'சரீரா' ஆகிய படைப்புகள் வந்தன. வெற்று மேடை, குறைந்த அலங்காரம், உடலையே கோடாகவும் வடிவாகவும் காணும் நோக்கு ஆகியவை சந்திரலேகாவின் அரங்கின் இயல்புகள். அவருடைய காட்சியறிவு உருவானதில் படேலுடனான நெடிய உரையாடலுக்கு இடமுண்டு. அதேபோல, உடலின் அசைவையும் இடத்தின் வெறுமையையும் படேல் கற்ற இடங்களில் ஒன்று சந்திரலேகாவின் ஒத்திகைக்கூடம். யாருடைய பாதிப்பு யாரிடம் என்று பிரித்துச்சொல்ல முடியாத கொடுக்கல் வாங்கல் அது. 1980-களின் பிற்பகுதியில் சோவியத் ஒன்றியத்தில் நடந்த இந்திய விழாவுக்காக, இந்தியப் பெண்களைப் பற்றிய 'ஸ்திரீ' என்னும் கண்காட்சியில் இருவரும் இணைந்து பணியாற்றினர்.

சந்திரலேகாவின் வீட்டை ஒட்டிய வளாகம் 'ஸ்பேஸஸ்' என்னும் பெயரில் நடனம், நாடகம், கண்காட்சி, உரையாடல் ஆகியவற்றுக்கான இடமாக வளர்ந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் மார்கழி நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே புதிய முயற்சிகளைச் செய்துபார்க்க விரும்பியவர்களுக்குச் சென்னையில் கிடைத்த சில இடங்களுள் அது ஒன்று.

பின்னோக்குக் கண்காட்சி

1998-ல் புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் படேலின் ஐம்பதாண்டுப் பணிகளைத் தொகுத்து ஒரு பெரிய பின்னோக்குக் கண்காட்சி நடைபெற்றது. சதானந்த் மேனன் அதைத் தொகுத்தார். பின்னர் அது மும்பையிலும் இடம்பெற்றது. ஓவியங்கள், செராமிக் பொருட்கள், புகைப்படங்கள், வடிவமைப்புகள், கொலாஜ்கள் ஆகியவை முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் பெருந்தொகுப்பாக வைக்கப்பட்டன. அதுவரை ஓவியராக அறிந்தவர்களுக்கு அவருடைய புகைப்படங்கள் தெரியாது. வடிவமைப்பு ஆசிரியராக அறிந்த பலருக்கு ஓவியங்கள் தெரியாது. அதே ஆண்டில் இஃபத் ஃபாத்திமா அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

முதுமையில் படேல் வண்ணக் காகிதக் கொலாஜ்களில் கவனம் செலுத்தினார். சூளையோ கண்காட்சிக் குழுவோ தேவைப்படாத, கத்தரிக்கோலும் பசையும் போதுமான வடிவம் அது. நிறங்களின் உறவு குறித்த அவருடைய ஆர்வம் அவற்றில் தொடர்ந்தது.

கலை இடம்

தசரத் படேல் எந்தக் கலை வரலாற்றில் இடம்பெறுவார் என்பது எளிய கேள்வி அல்ல. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர் என்றாலும், கே.சி.எஸ். பணிக்கரையும் 1966-ல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் மையமாகக் கொண்டு எழுதப்படும் சென்னைக் கலை இயக்க வரலாற்றில் அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. பாரிஸில் ஓவியம் கற்றிருந்தும் மும்பை முற்போக்கு ஓவியர்களின் வரிசையில் அவர் இல்லை. வடிவமைப்பு கூட்டுப்பணி என்பதால் அத்துறையிலும் தனிப்பெயருக்கு இடம் குறைவு.

கலைச்சந்தை ஒரு கலைஞரை அவருடைய பாணியைக்கொண்டு அடையாளம் காண்கிறது. கையெழுத்தைப் பார்க்காமலே ஓவியரைச் சொல்ல முடிந்தால் அது விலைக்கு உதவும். படேல் ஒரு ஊடகத்தில் தேர்ச்சி பெற்றதும் அடுத்ததற்குச் சென்றார். இதைப் பலவீனமாகக் காண்பவர்கள், ஒரு துறையில் இறுதிவரை நின்றிருந்தால் அவர் அத்துறையின் முதன்மைக் கலைஞராக ஆகியிருப்பார் என்பர். ஆனால் அவர் நின்ற மரபை வேறுவிதமாகவும் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சிற்பமரபில் ஸ்தபதி கட்டடமும் சிலையும் அளவுக்கணக்கும் ஒருசேர அறிந்தவர். கிராமத்துக் குயவர் சமையல் பானையும் அய்யனார் கோயில் குதிரையும் அதே மண்ணில் செய்பவர். அவர்களுக்குக் கலைஞன், கைவினைஞன், வடிவமைப்பாளன் என்னும் தனித்தனிப் பெயர்கள் தேவைப்படவில்லை. நவீனக் கல்வி பிரித்துவைத்தவற்றை ஒருவர் தன் வாழ்க்கையில் மீண்டும் இணைக்கமுடியுமா என்பதற்கு படேலின் வாழ்க்கை ஒரு விடை. அதற்கு அவர் அளித்த விலை, நெடுங்காலம் நீடித்த பெயரின்மை.

இன்று கேமராவுடன் ஓவியம், காணொளி, நிகழ்த்துகலை, நிறுவுகலை ஆகியவற்றையும் கையாளும் பல்துறைக் கலைஞர்கள் சென்னையில் பலர் உள்ளனர். பல்துறைக் கலைஞர் என்னும் சொல் இன்று ஒரு தகுதியாகவே கருதப்படுகிறது. அச்சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அவ்வாறு வாழ்ந்தவர் என்ற வகையில் தசரத் படேல் அவர்களின் முன்னோடி.

விருதுகள்

- பத்மஸ்ரீ - 1981
- பத்ம பூஷண் - 2011 (மறைவுக்குப் பின்)

மறைவு

சந்திரலேகா 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2010 டிசம்பர் 1 அன்று, தசரத் படேல் காலமானார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவருக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது.

நினைவு

மகாராஷ்டிர மாநிலம் அலிபாக் அருகே தசரத் படேல் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. அவருடைய பல ஊடகப் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. சென்னை பெசன்ட் நகரின் ஸ்பேஸஸ் வளாகம் சந்திரலேகாவுக்குப் பின்னும் கலை நிகழ்வுகளுக்கான இடமாகத் தொடர்ந்தது.